தோல் வளையம்

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஓர் அடிபம்பு இருந்தது. இரவு முழுவதும் சும்மா நின்றுவிட்டால் காலையில் அது தண்ணீர் தராது. கறக் கறக்கென்று சத்தம்தான் தரும். என் பாட்டி ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அதன் தலையில் ஊற்றுவாள். அப்புறம் நாலு அடி அடித்தால் குபுகுபுவென்று கொட்டும். "நாம் கொடுத்தால்தானே அது கொடுக்கும்?" என்பது பாட்டியின் வியாக்கியானம். தண்ணீர் வேண்டி வருகிறவன் முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்கிற இந்த நியாயம் வெகு காலம் எனக்குப் பெரிய தத்துவமாகவே தோன்றிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் பம்பு அடியோடு மக்கர் செய்தது. ரிப்பேருக்கு வந்தவர் அதைப் பிரித்து உள்ளேயிருந்து ஒரு தோல் வில்லையை எடுத்துத் தரையில் போட்டார். கிண்ணம் போலக் குழிந்து, விளிம்பெல்லாம் தேய்ந்து, பழஞ்செருப்பின் குதிகால் மாதிரி இருந்தது. "வாஷர் போயிட்டுது" என்றார். தோல் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும். உப்பினால் குழாயின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். காற்று நுழைய இடம் இராது. பாட்டியின் செம்புத் தண்ணீர் செய்த வேலை இவ்வளவுதான். கையிலிருந்த தத்துவம் போயிற்றே என்று எனக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது. ஆனால் அந்தத் தோல் வில்லையின் ஜாதகத்தைப் பிற்காலத்தில் நான் தேடிப் படிக்கும்படி ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. இழந்த தத்துவத்துக்கு ஈடாக ஒரு கதை கிடைத்தது.

சந்தர்ப்பம் வாய்த்த இடம் விருதுநகர்ப் பக்கத்தில் ஒரு பருத்தி பிரஸ். பிரஸ் என்றவுடன் அச்சுக்கூடத்தை நினைத்துவிடக் கூடாது. கொட்டை நீக்கிய பஞ்சை ஆட்கள் ஒரு பெட்டிக்குள் போட்டு மிதித்து நிரப்புவார்கள். கீழேயிருந்து ஒரு பெரிய இரும்புத் தூண் மெதுவாக எழும்பி அதை நசுக்கும். ஆள் உயரம் நின்ற பஞ்சு, கல் மாதிரிக் கட்டியாகிவிடும். இரும்புப் பட்டை போட்டுக் கட்டி வெளியே உருட்டுவார்கள். அதுதான் பேல்; ஒன்று ஏறத்தாழ 400 ராத்தல். அதைக் கையால் குத்திப் பார்த்திருக்கிறேன், கைதான் வலித்தது.

என் ஒன்றுவிட்ட அண்ணன் அங்கே கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பரீட்சை முடிந்த கோடை விடுமுறையில் ஒரு மாதம் அவர் வீட்டில் தங்கினேன். அந்த ஊர் வெயிலில் வேறு எங்கும் போக முடியாது. ஆகவே பிரஸ்ஸே கதியென்று கிடந்தேன்.

அந்த இரும்புத் தூணை எழுப்புவது நெருப்பும் அல்ல, நீராவியும் அல்ல, வெறும் தண்ணீர். பக்கத்துக் கொட்டகையில் ஒரு பம்பு ஓடும். அதில் தொடையளவு கூடப் பருமனில்லாத மூன்று இரும்புத் தண்டுகள், நெல் குத்தும் பெண்களின் உலக்கைகள் போல, ஒன்று மாற்றி ஒன்று ஏறி இறங்கும். அவற்றுக்குப் பிளஞ்சர் என்று பெயர். ஒவ்வோர் இறக்கத்திலும் கொஞ்சம் தண்ணீர் குழாய் வழியாகப் போய்த் தூணின் அடியில் திணிக்கப்படும். தண்ணீர் பஞ்சைப் போல அமுங்கிக் கொடுக்காது. வேறு போக்கிடம் இல்லாததால் அது தூணைத் தூக்கும்.

போக்கிடம் இல்லாததால் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் செய்வதுதான் இந்த உலகத்திலேயே கஷ்டமான காரியம் என்பதை எனக்குக் காட்டியவர் அந்தப் பம்பைப் பார்த்துக்கொண்ட மேஸ்திரி. ஐம்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு. காதில் எப்போதும் ஒரு துண்டுப் பென்சில். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். பம்பு சத்தம் கொஞ்சம் மாறினால் சாப்பாட்டை விட்டு எழுந்து போவார்.

தண்டு ஏறி இறங்க வேண்டுமானால் உருளைக்கும் தண்டுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். இடைவெளி இருந்தால் அதன் வழியே தண்ணீர் பீறிட்டுவிடும். இதற்காகத் தண்டு வெளியே வரும் வாயில் ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள். கொழுப்பும் காரீயப் பொடியும் ஊட்டிய பின்னல் கயிற்றை அதில் வளையம் வளையமாக அடைத்து, மேலே கிளாண்டு என்கிற மூடியை வைத்து நட்டுப் போட்டு இறுக்குவார்கள். அடைக்கிற கயிறுதான் பேக்கிங். அது நாளடைவில் தேயும், கருகும், கட்டை தட்டிப்போகும். அப்போது மாற்ற வேண்டும்.

நான் போன இரண்டாவது வாரம் மேஸ்திரி பேக்கிங் மாற்றினார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பம்பை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, குழாயில் தங்கிய அழுத்தத்தைத் திறந்து வடித்தார். "நின்னுட்டுதுன்னு நெனைச்சு நட்டைக் கழட்டினவன் பல்லு போயிருக்கு, தம்பி" என்றார். கிளாண்டு நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். நுனியில் திருகு வைத்த ஒரு கம்பியைப் பள்ளத்துக்குள் விட்டுப் பழைய வளையங்களை ஒவ்வொன்றாகக் குத்தி இழுத்தார். மேலே இருந்தவை ஓரளவு நன்றாக இருந்தன. அடியில் இருந்தவை கரிக்கட்டை. ஒரு வளையத்தைக் கூட உள்ளே மிச்சம் வைக்கவில்லை. பழசின் மேல் புதுசை வைத்து அடைப்பது ஊத்தை வாயில் தாம்பூலம் போடுவது மாதிரி என்றார்.

பிறகு வெகு நேரம் வேறு ஒன்றும் செய்யாமல் தண்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாத கீறல் விரலுக்குத் தெரியுமாம். கீறல் விழுந்த தண்டு புதுப் பேக்கிங்கை ஒரே வாரத்தில் அரத்தைப் போல அராவித் தின்றுவிடும். திருப்தி ஏற்பட்டதும், தண்டின் அதே பருமனுள்ள ஒரு கட்டையில் புதுக் கயிற்றைச் சுற்றிச் சாய்வாக வெட்டினார். வளையங்களை ஒவ்வொன்றாக உள்ளே தட்டினார். ஒரு வளையத்தின் வெட்டு வாய் கிழக்கே இருந்தால் அடுத்ததன் வாய் மேற்கே. வாய்கள் ஒரே நேரில் அமைந்தால் தண்ணீருக்கு ராஜபாட்டை போட்டுக் கொடுத்தது போலாகும். கடைசியில் கிளாண்டை வைத்து நட்டுகளை ஸ்பேனர் போடாமல் கை விரலாலேயே திருகிவிட்டு எழுந்துகொண்டார்.

பம்பு ஓடியது. கிளாண்டிலிருந்து தாரையாகத் தண்ணீர் ஒழுகியது. எனக்குப் பதற்றம். மேஸ்திரி பேசாமல் பீடி பற்றவைத்தார். கால் மணி கழித்து ஒவ்வொரு நட்டையும் ஆறில் ஒரு பங்கு சுற்று முடுக்கினார். மறுபடி உட்கார்ந்தார். இப்படியே ஒரு மணி நேரம். ஒழுக்கு நூலாகி, நூல் சொட்டாகியது. நிமிஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சொட்டு. அதோடு விட்டுவிட்டார்.

"இன்னும் கொஞ்சம் முடுக்கினால் அந்தச் சொட்டும் நின்றுவிடுமே?" என்றேன்.

"சொட்டணும் தம்பி. அந்தத் தண்ணிதான் அதுக்கு எண்ணெய். சொட்டாத கிளாண்டு எரிஞ்சுபோகும்."

இது முதலாளிக்குத் தெரியவில்லை. அவர் நல்லவர்தான், தருமம் செய்கிறவர், ஆனால் பம்புக் கொட்டகைத் தரை ஈரமாக இருப்பது அவர் கண்ணுக்குப் பொறுக்காது. நாலைந்து நாள் கழித்து ஒரு மாலையில் வந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "புதுசு மாற்றியும் ஒழுகுகிறதா?" என்றார். மேஸ்திரி விளக்கம் சொன்னார். முதலாளி தலையை ஆட்டிவிட்டுப் போய், இரவு ஷிப்டுப் பையனைக் கூப்பிட்டு இறுக்கச் சொல்லிவிட்டார். பையன் இறுக்கினான். தரை காய்ந்தது. நடு இரவில் மயிர் பொசுங்குகிற மாதிரி நாற்றம் வந்தது என்று சொன்னார்கள். காலையில் நான் போனபோது மூன்று தண்டுகளில் ஒன்று, பூனை பிராண்டிய கதவு போல நெடுகக் கீறிக் கிடந்தது. பருத்திப் பருவத்தில் பிரஸ் இரண்டு நாள் நின்றது. 

அந்த வாரச் சம்பளப் பட்டியலை என் அண்ணன் எழுதும்போது நான் பக்கத்தில் இருந்தேன். மேஸ்திரியின் பெயருக்கு நேரே, 'கவனக் குறைவு. 3 நாள் பிடித்தம்' என்று எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்க்கவில்லை. நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். "போய் மோர் குடித்துவிட்டு வா" என்றார்.

பின்னால் சென்னைக்கு வந்து கன்னிமாரா நூல்நிலையத்தில் கதைப் புத்தகம் தேடும் சாக்கில் கண்டதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஸாமுவேல் ஸ்மைல்ஸ் என்ற ஆங்கில ஆசிரியர் 1863-இல் வெளியிட்ட, தொழில் துறையில் பேர் பெற்றவர்களின் சரித்திரம் ஒன்று கையில் அகப்பட்டது. அதில் ஓர் இடத்தைப் படித்ததும் எனக்கு அந்தப் பம்புக் கொட்டகை ஞாபகம் வந்துவிட்டது. அதிலிருந்து நூல் பிடித்துக்கொண்டு போனேன்.

பிளேய்ஸ் பாஸ்கல் என்ற பிரெஞ்சு மேதை 39 வயதில் 1662-இல் காலமானார். திரவங்களைப் பற்றி அவர் எழுதிவைத்த நூல் மறு வருஷம் அச்சாயிற்று. தண்ணீர் நிறைந்த ஒரு பாத்திரத்துக்கு இரண்டு வாய். ஒரு வாயைப் போல நூறு மடங்கு பெரிது மற்றொன்று. இரண்டிலும் அடைப்புத் தண்டு. சின்னத் தண்டை ஒரு மனிதன் அமுக்கினால், பெரிய தண்டை அமுக்கும் நூறு பேருக்கு அவன் ஈடு கொடுப்பான் என்று அதில் சொல்லியிருந்தார். பருத்தி பிரஸ்ஸின் சூத்திரம் முழுவதும் இதுதான். ஆனால் அந்த யந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கப்பட்டது 1795-இல். நடுவே 132 வருஷம்! சூத்திரம் தெரிந்தும் ஐரோப்பா ஏன் இத்தனை காலம் சும்மா இருந்தது? காரணங்கள் பல இருக்கலாம். உள்ளே புகுந்து பார்த்தால் எல்லாவற்றிலும் பெரிய காரணம் ஒழுக்கு என்றுதான் எனக்குப் படுகிறது. காகிதத்தில் வரைந்த தண்டு ஒழுகாது. இரும்பில் செய்த தண்டு ஒழுகும்.

நம் மேஸ்திரி கையாண்ட கிளாண்டு வித்தைக்கு ஆதிபுருஷர் ஸாமுவேல் மார்லண்ட் என்பவர். கிராம்வெல் ஆட்சியில் உத்தியோகம் பார்த்துவிட்டு, பிறகு இரண்டாம் சார்லஸ் மன்னனிடமும் தயவு சம்பாதித்த சாமர்த்தியசாலி. 1675-இல் அவர் ஒரு பம்புக்கு உரிமை பெற்றார். அதற்கு முன்னிருந்த பம்புகளில் அடைப்பு, தண்டோடு சேர்ந்து குழாய்க்குள்ளேயே ஓடும். எங்கள் வீட்டு அடிபம்பு அந்தப் பரம்பரைதான். அதற்குக் குழாயின் உட்புறம் முழுவதும் சீராக இருக்க வேண்டும். மார்லண்ட் இதைத் தலைகீழாக மாற்றினார். அடைப்பை வாயில் நிறுத்திவிட்டுத் தண்டை மட்டும் ஓடவிட்டார். தண்டின் வெளிப்புறத்தைக் கடைந்து வழுவழுப்பாக்குவது சுலபம். குழாயின் உட்புறத்தைக் கடைவது மகா கஷ்டம். தவிர, அடைப்பு தளர்ந்தால் வெளியில் இருந்தபடியே முடுக்கிக்கொள்ளலாம். மார்லண்டின் கடைசிக் காலம் நன்றாக இல்லை. கண் தெரியாமல், பணமும் இல்லாமல் 1695-இல் இறந்தார்.

உட்புறம் கடைவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஜேம்ஸ் வாட்டே சாட்சி. நீராவி யந்திரத்துக்குப் புது உயிர் கொடுத்த அந்த மனிதர் தமது முதல் உருளையில் ஆவி கசிவதை அடைக்கத் தக்கை, எண்ணெய்த் துணி, காகிதம், பழைய தொப்பி, குதிரைச் சாணம் வரையில் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தார். சரித்திரப் புத்தகங்களில் கெட்டில் மூடி குதித்த கதையைப் பெரிதாகப் போடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்தத் தொப்பியும் சாணமும்தான் மனசுக்கு நெருக்கமான கதை.

இனி 1795-க்கு வரலாம். காப்புரிமை வாங்கியவர் ஜோஸஃப் பிராமா. யார்க்ஷயரில் ஒரு குடியானவரின் மகன். பிள்ளைப் பிராயத்தில் காலில் அடிபட்டு ஊனமானதால் வயல் வேலைக்கு லாயக்கில்லை என்று தச்சு வேலைக்கு விட்டார்கள். லண்டனுக்குப் போய்க் கழிப்பறைத் தொட்டி செய்தார். 1784-இல் ஒரு பூட்டுக்கு உரிமை பெற்றார். அந்த ஜாதிப் பூட்டு ஒன்றைப் பிக்காடில்லித் தெருவில் தம் கடை ஜன்னலில் தொங்கவிட்டு, இதைத் திறக்கும் கருவி செய்கிறவருக்கு 200 கினி என்று பலகை எழுதிப் போட்டார். ஐம்பது வருஷத்துக்கு மேல் யாராலும் திறக்க முடியவில்லை. 1851-இல் லண்டன் மகா கண்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் 16 நாளில் 51 மணி நேரம் உட்கார்ந்து அதைத் திறந்துவிட்டார். பரிசையும் வாங்கிக்கொண்டார்.

அந்தப் பூட்டைத் தன் கையால் செய்தவன் பிராமாவின் பட்டறையில் வேலை பார்த்த ஓர் இளைஞன். ஹென்றி மாட்ஸ்லே என்று பெயர். வுலிச் ஆயுதசாலையில் பன்னிரண்டு வயதில் தோட்டாவுக்கு மருந்து அடைக்கப் போனவன்; தச்சும் கொல்லும் அங்கேயே கற்றவன். பதினெட்டு வயதில் பிராமாவிடம் சேர்ந்தான். பட்டறையில் இருந்த முதிய வேலைக்காரர்கள் சிரித்தார்களாம். கொஞ்ச நாளில் அவனே தலைமை மேஸ்திரி ஆகிவிட்டான்.

பிராமா பிரஸ்ஸைக் கட்டினார். பாஸ்கல் சொன்னபடி சின்னத் தண்டு, பெரிய தண்டு. ஒரு சதுர அங்குலத் தண்டை 50 ராத்தல் பலத்தோடு அமுக்கினால் 200 சதுர அங்குலத் தண்டு 10,000 ராத்தல் பலத்தோடு எழ வேண்டும். எழுந்தது. தண்ணீரும் கூடவே வாய்வழியே பீறிட்டது. மார்லண்ட் முறைப்படி கயிற்றை அடைத்துக் கிளாண்டை இறுக்கினார்கள். தண்ணீர் நிற்கிற அளவுக்கு இறுக்கினால் பிடி தண்டையே கவ்விக்கொண்டது. மேலே போன தண்டு, அழுத்தத்தை விட்ட பிறகும் கீழே இறங்க மாட்டேன் என்றது. தளர்த்தினால் ஒழுகும், இறுக்கினால் ஓடாது. எந்தக் குடும்பத்திலும் நடக்கிற விஷயம்தான். ஆனால் இங்கே இரும்போடு சமரசம் பேச முடியாது.

இந்த இடத்தில்தான் அந்தத் தோல் வருகிறது. உருளையின் கழுத்தில் உட்புறமாக ஒரு பள்ளம் வெட்டி, அதில் ஒரு தோல் வளையத்தை உட்கார வைத்தார்கள். வளையத்தை வெட்டிப் பார்த்தால் கவிழ்த்துவைத்த படகு மாதிரி இருக்கும்: நடுவில் குழி, இரண்டு பக்கமும் உதடு. குழியின் வாய் தண்ணீர் இருக்கும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். தண்ணீர் அழுத்தம் ஏறும்போது அது குழிக்குள் புகுந்து ஓர் உதட்டைத் தண்டின் மேலும் மற்றோர் உதட்டைச் சுவரின் மேலும் நெருக்கும். அழுத்தம் எவ்வளவோ அவ்வளவு நெருக்கம். தப்பி ஓடப் பார்க்கிற தண்ணீரே கதவைச் சாத்திக்கொள்கிறது! அழுத்தத்தை எடுத்துவிட்டால் உதடுகள் தளர்ந்துவிடும். தண்டு தன் பாரத்தாலேயே இறங்கிவிடும். ஸ்பேனரும் வேண்டாம், முடுக்குவதற்கு ஆளும் வேண்டாம்.

இந்த யோசனை மாட்ஸ்லேயுடையது என்று ஸ்மைல்ஸின் புத்தகம் சொல்கிறது. ஆதாரம் ஜேம்ஸ் நாஸ்மித்தின் வாக்கு. நாஸ்மித் பெரிய யந்திர நிபுணர்; மாட்ஸ்லேயிடம் தொழில் கற்றவர். ஆனால் அவர் அங்கே சேர்ந்தது 1829-இல். முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட பழங்கதையை அவர் பட்டறையில் காதால் கேட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும். இதே வளையத்துக்குப் போல்டன் ஊர் பெஞ்சமின் ஹிக் என்பவரையும் கர்த்தாவாகச் சொல்வதுண்டு. ஹிக் பிறந்ததே 1790-இல். பிராமா உரிமை வாங்கிய வருஷம் அவர் ஐந்து வயதுக் குழந்தை. பின்னால் அவர் திருத்தம் செய்திருக்கலாம், அது வேறு. கோர்ட்டில் நிற்கிற சாட்சியம் இல்லைதான். இருந்தாலும் என் தீர்ப்பு மாட்ஸ்லே பக்கமே. தண்டு சிக்கிக்கொண்டபோது அதன் பக்கத்தில் கையில் கிரீஸோடு நின்றவன் அவன். இந்த மாதிரி யோசனை மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தவனுக்கு வருவது அபூர்வம்.

உலகம் அந்த யந்திரத்துக்குப் பிராமா பிரஸ் என்று பெயர் வைத்தது. மாட்ஸ்லே கலியாணம் செய்துகொண்டான். மணமகள் பிராமா வீட்டில் வேலை பார்த்த பெண்தான். பிள்ளைகள் பிறந்தார்கள். வாரச் சம்பளம் 30 ஷில்லிங். அது போதவில்லை, கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்று 1797-இல் கேட்டான். பிராமா வெடுக்கென்று மறுத்துவிட்டார். புத்தகத்தில் இந்த இடத்தைப் படித்தபோதுதான் என் அண்ணனின் கையெழுத்து கண் முன்னால் வந்தது.

மாட்ஸ்லே ஆக்ஸ்போர்டு தெருவை ஒட்டிய ஒரு சந்தில் சொந்தப் பட்டறை திறந்தார். (இனி அவரை 'ர்' போட்டுத்தான் எழுத வேண்டும்.) திருகாணி வெட்டும் கடைசல் யந்திரத்தை ஒழுங்கு செய்தார். கடற்படைக் கப்பல்களுக்குக் கப்பி செய்ய, மார்க் புருனெல் வகுத்த திட்டப்படி, போர்ட்ஸ்மத்தில் வரிசையாக யந்திரங்கள் செய்துவைத்தார். விட்வர்த், ராபர்ட்ஸ், கிளெமென்ட் என்று பின்னால் பேர் எடுத்த எத்தனையோ பேர் அவர் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். 1831-இல் இறந்தார். பிராமாவோ அதற்கு முன்பே, 1814-இல் போய்விட்டார். ஹாம்ப்ஷயரில் ஒரு காட்டில் தம் பிரஸ்ஸைக் கொண்டு நூற்றுக்கணக்கான மரங்களை வேரோடு பிடுங்குவதைக் குளிரில் நின்று மேற்பார்த்தார். ஜலதோஷம் கபமாகி முடிந்துவிட்டது. அவரைக் கொடியவராக்கிக் கதை எழுத எனக்கு மனம் வரவில்லை. தரை ஈரமாக இருப்பதைப் பொறுக்காத நல்ல மனிதர்கள் எங்கும் உண்டு.

தோல் வளையம் எவ்வளவு பாரத்தைத் தாங்கியது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். வேல்ஸ் நாட்டில் மெனாய் ஜலசந்தியின் மேல் ராபர்ட் ஸ்டீபன்ஸன் பிரிட்டானியா பாலம் கட்டினார். ரயிலே உள்ளே புகுந்து போகக்கூடிய இரும்புக் குழல்களைக் கரையில் செய்து, மிதக்கவிட்டுக் கொண்டுவந்து, சுமார் 100 அடி உயரத்துக்குத் தூக்க வேண்டும். பெரிய குழல் ஒன்று 1,500 டன்னுக்கு மேல். தூக்கியது ஹைட்ராலிக் பிரஸ்தான். 1849 ஆகஸ்ட் 17-ஆம் தேதி, குழல் ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு பிரஸ்ஸின் அடிப்பாகம் பிளந்து விழுந்தது. கயிற்றேணியில் நின்ற ஒரு தொழிலாளி இறந்துபோனார். குழல் ஓர் அடிக்கும் குறைவாகவே இறங்கியது. ஏற ஏற அடியில் சுவர் எழுப்பிக்கொண்டே வர வேண்டும் என்று ஸ்டீபன்ஸன் பிடிவாதமாகச் சொல்லியிருந்ததால் தப்பியது. உடைந்தது வார்ப்பிரும்பு. அந்தப் பிரஸ்ஸையும் 1851 கண்காட்சியில் வைத்தார்கள். மாட்ஸ்லே கையால் செய்த பூட்டு திறந்துபோன அதே வருஷம், அதே ஊர்.

பிற்காலத்தில் தோல் போய் ரப்பர் வந்தது. சணல் போய் வேறு நூல்கள் வந்தன. இடையே வெகு காலம் நீராவி யந்திரங்களுக்குக் கல்நார்க் கயிறுதான் பேக்கிங். எங்கள் மேஸ்திரியும் பிரஸ்ஸின் என்ஜினுக்கு அதைத்தான் போடுவார். சாம்பல் நிறமாக இருக்கும். வெட்டும்போது பறக்கும் தூளை வாயால் ஊதித் தள்ளுவார். அந்தத் தூள் நுரையீரலில் தங்கிப் பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோய்விடும் என்று இன்று குழந்தைக்கும் தெரியும். பிரிட்டனில் 1999-இல் அதை அடியோடு தடுத்துவிட்டார்கள். மேஸ்திரி அப்போதே இருமிக்கொண்டிருந்தார். பீடியினால் என்று சொன்னார்கள். பீடியாகவும் இருக்கலாம்.

நூல்நிலையத்தில் படித்த மறு வருஷம் ஒரு கலியாணத்துக்காக அந்த ஊருக்குப் போனேன். பிரஸ்ஸுக்குள் நுழைந்தபோது மேஸ்திரி கொட்டகை வாசலில் அடுப்பு மூட்டி ஒரு பானையில் தண்ணீர் வைத்திருந்தார். பெரிய தூணுக்குப் புது வளையம் செய்யப் போகிறார். தோலை வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டு, இரும்பு அச்சில் வைத்து அழுத்தி, காயவிட்டு, உதடு சீவி, விளக்கெண்ணெயில் போட்டுவைக்க வேண்டும். நான் திண்ணையில் உட்கார்ந்து மாட்ஸ்லே கதையைச் சொன்னேன். தண்டு சிக்கிக்கொண்டது வரையில் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்; அது அவருக்குத் தெரிந்த சமாசாரம்.

"முப்பது ஷில்லிங்னா நம்ம காசுக்கு எவ்வளவு தம்பி?"

ஒரு ரூபாய்க்கு ஒன்றரை ஷில்லிங் என்ற பழைய கணக்குப்படி, "இருபது ரூபாய். வாரத்துக்கு" என்றேன்.

"கூட்டிக் கொடுத்தாரா?"

"இல்லை. வேலையை விட்டுவிட்டுத் தனிப் பட்டறை வைத்துவிட்டார்."

"பிள்ளை குட்டிக்காரர்னு சொன்னீங்களே?"

"ஆமாம்."

மேஸ்திரி மடியிலிருந்த தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். திடுக்கிட்டுப் பானையைப் பார்த்தார். தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அதில் போட்டால் தோல் சுருண்டு போகும்.

"பேச்சு வாக்கிலே விட்டுட்டேன்" என்று பானையைத் துணி பிடித்து இறக்கி வைத்தார். விரலை விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டு, அது ஆறுவதற்காக உட்கார்ந்தார்.